ரத்த ரிப்போர்ட் நார்மல், எலும்பில் கட்டி

குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்துப் பையன். 14 வயது. கபடி ஆடும்போது வலது முட்டியில் அடிபட்டதாகச் சொல்லித்தான் வலி ஆரம்பித்திருக்கிறது. இரண்டு வாரம் தைலம் தேய்த்தார்கள். பிறகு ஓர் இடத்தில் எண்ணெய் போட்டு உருவிக் கட்டுப் போட்டார்கள். வலி போகாததால் ஒரு கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள். அணுக்களின் எண்ணிக்கை சரி, உடம்பின் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 18, யூரிக் ஆசிட் சரி, முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். மூன்று மாதம் கழித்து, அந்த ரிப்போர்ட்டை நான்காக மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு அவன் அம்மா நான் வேலை பார்க்கும் லேபுக்கு வந்தார். "எல்லா ரத்தமும் பாத்தாச்சு சார். ஒண்ணுமே இல்லன்னு எழுதிக்கீறாங்க. அப்புறம் இன்னாத்துக்கு கால் வீங்கினே போவுது?"

நியாயமான கேள்வி. அவருக்கு அன்று நின்றபடி சொல்ல முடியாததை இங்கே உட்கார்ந்து சொல்கிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரத்தம் எடுப்பதும் மெஷினில் ஓட்டிப் பார்ப்பதும்தான் என் வேலை. காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்கும் வங்காளத்துக்காரர்கள் முதல் ஒடுகத்தூர் மலையடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் வரை, வேலூருக்கு வைத்தியத்துக்கு வரும் எல்லார் கையிலும் ஒரு ஃபைல் இருக்கும். அதைத் திறந்தால் முதலில் இருப்பது ரத்த ரிப்போர்ட். எக்ஸ்ரே கடைசியில் இருக்கும், சிலரிடம் இருக்கவே இருக்காது. எலும்பில் வலியும் வீக்கமும் உள்ளவருக்கு இந்த வரிசை தலைகீழ். எலும்பில் தோன்றும் கட்டியை முதலில் காட்டிக்கொடுப்பது எக்ஸ்ரே. இன்ன கட்டி என்று பெயர் சொல்வது, கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி. ரத்தப் பரிசோதனை இந்த இரண்டுக்கும் துணை. சில நேரம் மிக முக்கியமான துணை, ஆனாலும் துணைதான்.

புராஸ்டேட் சுரப்பிக்கு பி.எஸ்.ஏ. என்று ஒரு பரிசோதனை இருப்பதால், ஒவ்வொரு புற்றுநோய்க்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று மக்கள் நினைக்கிறார்கள். எலும்பிலும் குருத்தெலும்பிலும் தோன்றும் சார்கோமா என்ற புற்றுக்கட்டிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. அந்தக் கட்டிகள் மட்டுமே ரத்தத்தில் விடுகிற, அன்றாட லேபில் அளக்கக்கூடிய, தனிப் பொருள் ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை. 'கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்' என்று பணம் கட்டிப் பார்த்து எல்லாம் நார்மல் என்று வந்தால், எலும்பைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

குருத்தெலும்புக் கட்டியில் நிலைமை இன்னும் மோசம். காண்ட்ரோசார்கோமா பெரும்பாலும் 40 வயதைக் கடந்தவர்களுக்கு, இடுப்பெலும்பிலும் தொடையெலும்பிலும் வரும். மெதுவாக வளரும். உள்ளே தேங்காய் அளவுக் கட்டி இருக்கும்போதும் ரத்தத்தில் எல்லா எண்ணும் சரியாக இருக்கலாம். புற்று அல்லாத என்காண்ட்ரோமா, ஆஸ்டியோகாண்ட்ரோமா போன்றவற்றிலும் அப்படித்தான். ராத்திரியில் வலித்து, ஒரு வலி மாத்திரை போட்டதும் அடங்குகிற ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சின்னக் கட்டியிலும் ரத்தம் பேசாது.

ஏ.எல்.பி. என்ற எண்

இந்த விஷயத்தில் ஓரளவு பேசுகிற எண் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், ஏ.எல்.பி. எலும்பில் புதிதாகச் சுண்ணாம்பு படிவதற்கு உதவும் நொதி இது. ராபர்ட் ராபிசன் என்ற ஆய்வாளர் 1923-ல் லண்டனில், வளரும் எலும்பிலும் குருத்தெலும்பிலும் இது இருப்பதைக் காட்டினார். எலும்பைக் கட்டும் செல்கள் மும்முரமாக வேலை செய்யும்போதெல்லாம் ரத்தத்தில் இது ஏறும். ஆஸ்டியோசார்கோமா என்பது தாறுமாறாக எலும்பை உண்டாக்கும் புற்று. அதனால் அதில் ஏ.எல்.பி. ஏறுவது இயல்பு. ஆனால் நோய் கண்டுபிடிக்கப்படும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஏறியிருக்கும். மீதிப் பாதிப் பேரின் ரிப்போர்ட் நார்மல்.

இதே எண் கட்டியே இல்லாமல் ஏறுவதற்கும் எத்தனையோ காரணங்கள் உண்டு. கல்லீரலும் பித்தக்குழாயும் இதை உண்டாக்கும். ஏற்றம் எங்கிருந்து என்று தெரிய ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதியையும் சேர்த்துப் பார்ப்போம். அதுவும் ஏறியிருந்தால் கல்லீரல் பக்கம், அது சரியாக இருந்தால் எலும்பின் பக்கம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடியிலிருந்து வரும். எலும்பு முறிந்து கூடிக்கொண்டிருக்கும்போது சில வாரங்களுக்கு ஏறும். வைட்டமின் டி குறைந்து எலும்பு மென்மையாகிப்போனவர்களுக்கு ஏறும். நம் பக்கம் நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களிடம் இந்தக் குறைபாட்டை நான் அடிக்கடி பார்க்கிறேன். தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு எலும்பே இறுகி இந்த எண் கூடியிருக்கலாம். ஓ, பி ரத்த வகைக்காரர்கள் சிலருக்குக் கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு குடலிலிருந்தும் கொஞ்சம் கசியும். ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட கையோடு ரத்தம் கொடுத்துவிட்டு, கூடிய எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில் பொருளில்லை. வெறும் வயிற்றில் இன்னொரு முறை பார்த்தால் தெரிந்துவிடும்.

பிள்ளைகளின் கணக்கே வேறு. பெரியவர்களுக்கு ஏறக்குறைய 40 முதல் 130 யூனிட் வரை என்பது பொதுவான அளவு. பருவ வயதில் மளமளவென்று வளரும் பையனுக்கு 400 இருந்தாலும் அது வளர்ச்சிதான். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள சில குழந்தைகளுக்கு எந்த நோயும் இல்லாமலே சில ஆயிரங்கள்வரை போய்ச் சில மாதங்களில் தானாக இறங்கிவிடுவதும் உண்டு. வயதைப் பார்த்து அளவை மாற்றிப் போடாத லேப் சாஃப்ட்வேர், எல்லாருக்கும் பெரியவர்களின் அளவையே அச்சடித்து, பக்கத்தில் தடித்த எழுத்தில் 'ஹை' என்று போட்டுவிடும். இது எங்கள் தொழிலின் குறை, திருத்தக்கூடிய குறை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுமுன் வயதைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

அந்தக் குடியாத்தம் பையனுக்கு இதுதான் நடந்தது. இரண்டாவது முறை வேறோர் இடத்தில் பார்த்தபோது ஏ.எல்.பி. 318 என்று வந்து, எதிரே 'ஹை' என்று அச்சாகியிருந்தது. மஞ்சள் காமாலையாக இருக்கும் என்று யாரோ சொல்ல, பத்து நாள் கீழாநெல்லி கொடுத்திருக்கிறார்கள். 318 அவன் வயதுக்குச் சாதாரணம். கல்லீரலைப் பற்றியும் அது எதுவும் சொல்லவில்லை, தொடையெலும்பைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. எங்களிடம் வந்த அன்றே எடுத்த எக்ஸ்ரே சொன்னது. முட்டிக்குச் சற்று மேலே எலும்பின் ஓரம் அரித்துப்போய், மேலுறை தூக்கிக்கொண்டு, வெளிப்பக்கமாகச் சூரியக் கதிர்போல மெல்லிய வெள்ளைக் கோடுகள் விரிந்திருந்தன. ஆஸ்டியோசார்கோமாவைச் சந்தேகிக்க வைக்கும் படம். லைட் பாக்ஸில் ஃபிலிமை மாட்டியதும் ரேடியாலஜி டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நோய் உறுதியானபிறகு இதே எண்ணுக்கு மதிப்பு கூடுகிறது. ஆஸ்டியோசார்கோமாவில் ஆரம்பத்திலேயே ஏ.எல்.பி., எல்.டி.எச். என்ற இன்னொரு நொதி இரண்டும் மிகவும் ஏறியிருந்தால் நோயின் சுமை அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஏறியிருந்த ஏ.எல்.பி. கீமோவுக்கும் ஆபரேஷனுக்கும் பிறகு இறங்குவது நல்ல அறிகுறி. இறங்கியது மறுபடி ஏறினால் நோய் திரும்பியதா என்று தேடிப் பார்க்க வேண்டும். அதனால்தான் சிகிச்சைக்கு முன் ஒருமுறை அளந்து எழுதி வைப்பது அவசியம். முதல் எண் தெரியாமல் இரண்டாவது எண்ணுக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

ஊசிமுனையில் கெடும் எண்

எல்.டி.எச். பற்றி லேபில் இருக்கிறவன்தான் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். இது உடம்பின் எல்லாச் செல்லிலும் உண்டு, சிவப்பணுவுக்குள் ஏராளமாக உண்டு. மெல்லிய ஊசியைக் குத்திச் சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, ரத்தத்தை டியூபுக்குள் பீய்ச்சி அடித்தாலோ, குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடையும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் ரோஸ்மில்க் நிறத்தில் நிற்கும். அந்தச் சீரத்தில் எல்.டி.எச். பார்த்தால் 200 இருக்க வேண்டியவருக்கு 600 வரலாம். மே மாத வெயிலில் பேரணாம்பட்டிலிருந்து பைக் பெட்டியில் மூன்று மணி நேரம் ஆடிக்கொண்டு வந்த சாம்பிளும் இப்படி ஆவதுண்டு. ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும் என்பதும் இல்லை, குளிரில் இந்த நொதியின் ஒரு பகுதி வீரியம் இழக்கும். ஆகவே எல்.டி.எச். தனியாக ஏறியிருந்தால், பயப்படுவதற்கு முன் 'சாம்பிள் ஹீமோலைஸ் ஆனதா', அதாவது சிவப்பணு உடைந்ததா என்று கேளுங்கள். நல்ல லேப் அதை ரிப்போர்ட்டிலேயே எழுதியிருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்ற பொட்டாசியம் உப்பு இருக்கிறது. சிவப்பு மூடி டியூபில் ரத்தம் குறைந்துபோனால், அவசரத்தில் ஊதாவிலிருந்து கொஞ்சம் அதில் சாய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த உப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏ.எல்.பி. வேலை செய்வதற்குத் தேவையான துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். விளைவு, உண்மையில் ஏறியிருக்கும் ஏ.எல்.பி. குறைந்து தெரியும், கால்சியம் பாதாளத்துக்குப் போகும், பொட்டாசியம் எகிறும். இந்த மூன்றும் ஒரே ரிப்போர்ட்டில் சேர்ந்து வந்தால் குறை நோயாளியிடம் இல்லை, டியூபில். மறுபடி ஒரு குத்து வாங்கிக்கொள்வதுதான் வழி.

சீழா, புற்றா

ஈவிங் சார்கோமா ஏமாற்றுக்காரக் கட்டி. ஜேம்ஸ் ஈவிங் 1921-ல் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். பிள்ளைகளுக்கும் வாலிபர்களுக்கும் வருவது. கை கால் எலும்பின் நடுத்தண்டிலும் இடுப்பிலும் விலாவிலும் தோன்றும். கட்டியோடு காய்ச்சல் வரும், இடம் சூடாக இருக்கும், வெள்ளையணு ஏறும், ஈ.எஸ்.ஆரும் அதுபோலவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் ஏறும், ரத்தசோகை காணும். எலும்பில் கிருமி புகுந்து சீழ் பிடித்தாலும் இதே படம்தான். எலும்பில் டி.பி. வந்தாலும் ஈ.எஸ்.ஆர். ஏறும், நம் ஊரில் அது அரிதும் அல்ல. ரத்தசோகை இருந்தாலே ஈ.எஸ்.ஆர். கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நம் பெண்களில் பலருக்கு அது இருக்கிறது. ஈ.எஸ்.ஆர். 70 என்பது உடம்பில் ஏதோ எரிகிறது என்ற புகை. எந்த அறையில் என்று அது காட்டாது.

இந்த இடத்தில் ரத்தத்தை மட்டும் நம்பி ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் காத்திருப்பது ஆபத்து. காய்ச்சல் தற்காலிகமாகத் தணியலாம், கட்டி வளர்ந்துகொண்டிருக்கும். ஈவிங் கட்டி உள்ளே அழுகினால், ஊசியில் வருவதும் பார்க்கச் சீழ் மாதிரியே இருக்கும். அதனால் எலும்பு டாக்டர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: கட்டி என்று நினைத்துச் சதை எடுத்தாலும் ஒரு துணுக்கைக் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பு, சீழ் என்று நினைத்து எடுத்தாலும் ஒரு துணுக்கைப் பயாப்சிக்கு அனுப்பு. ஈவிங்கின் உண்மையான கையெழுத்து 11-வது, 22-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வது. அதைத் தேடுவது எடுத்த சதையில்.

ரத்தமே துப்புக் கொடுக்கும் இடங்கள்

இவ்வளவு சொன்னதால் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எலும்புக் கட்டிபோலத் தோன்றி வேறொன்றாக இருக்கும் நோய்கள் பல, அவற்றைப் பிரித்துத் தருவதில் ரத்தத்துக்கு ஈடு கிடையாது.

60 வயதைத் தாண்டியவர், தீராத முதுகுவலி, எக்ஸ்ரேயில் எலும்பில் துளைத்தெடுத்தாற்போல ஓட்டைகள். ஹீமோகுளோபின் 8, ஈ.எஸ்.ஆர். 100-க்கு மேல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருக்கிறது, மொத்தப் புரதம் 8-க்குள் இருக்க வேண்டியது 10.5, அதில் ஆல்புமின் குறைவு, குளோபுலின் அதிகம். எலும்பு இவ்வளவு அரித்தும் ஏ.எல்.பி. மட்டும் சாதாரணம். இது மல்டிபிள் மைலோமாவின் முகம். எலும்பு மஜ்ஜையின் புற்று இது, எலும்பைக் கட்டும் செல்களை அமுக்கிவிடுவதால்தான் ஏ.எல்.பி. ஏறுவதில்லை. புரதங்களை மின்சாரத்தில் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரெசிஸில், வழக்கமாக மேடாகப் பரவி நிற்கும் இடத்தில் கோபுரம்போல ஒரே ஒரு கூர்முனை எழும். எம்-பேண்ட் என்போம். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். 1840-களிலேயே ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற லண்டன் மருத்துவர் இந்த நோயாளி ஒருவரின் சிறுநீரில், சூடாக்கினால் திரிந்து, கொதித்தால் கரையும் ஒரு புரதத்தைக் கண்டார். இன்றும் அது அவர் பெயரில்தான் இருக்கிறது. எலும்பில் ஓட்டை விழுந்த வயதானவருக்கு இந்தப் பரிசோதனைகளைச் செய்யாமல் நேரே கத்தியை எடுக்கக் கூடாது.

இன்னொரு வேடம் பாராதைராய்டு. 30 வயதுப் பெண், முட்டி அருகே எலும்பில் ஓட்டை, பயாப்சியில் ராட்சத செல்கள். ஜயன்ட் செல் டியூமர் என்று முடிவுகட்டி ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிடலாம். ஆனால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி வீங்கி ஹார்மோனைக் கொட்டினாலும் எலும்பு அரித்து இதே செல்கள் தோன்றும். பிரவுன் டியூமர் என்று பெயர். மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் பிரிப்பது கடினம். ரத்தத்தில் பிரிப்பது எளிது. கால்சியம் கூடி, பாஸ்பரஸ் குறைந்து, அந்தச் சுரப்பியின் ஹார்மோனான பி.டி.எச். ஏறியிருந்தால் வைத்தியம் கழுத்தில். அந்தச் சுரப்பியை எடுத்தால் எலும்பு தானாகத் தேறும். ஒரு கால்சியம் பரிசோதனை ஒரு முட்டியைக் காப்பாற்றும்.

குழந்தைகளின் எலும்பு வலியில் ரத்த அணுக்கள் எண்ணிக்கையை விட்டுவிடவே கூடாது. கால் வலிக்கிறது என்று அழுகிற ஐந்து வயதுக் குழந்தைக்குத் தட்டணுக்கள் குறைந்து, தகட்டில் முதிராத வெள்ளையணுக்கள் தெரிந்தால் அது லுகேமியா என்ற ரத்தப் புற்றாக இருக்கலாம். மெஷின் தரும் எண்ணோடு நிறுத்தாமல் யாராவது ஒருவர் தகட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்பரஸின் கதை. உடம்பெல்லாம் வலி, நடை தள்ளாட்டம், தொடையெலும்பில் விரிசல் விரிசலாக. ஆண்டுக்கணக்கில் வாதம் என்றும் மனக்கோளாறு என்றும் அலைந்தவர்கள் இதில் உண்டு. பெரியவர்களுக்கு 2.5-க்கு மேல் இருக்க வேண்டிய பாஸ்பரஸ் 1.3 என்று நிற்கும். எங்கோ, பாதத்திலோ தாடையிலோ, ஒரு சுண்டைக்காய் அளவுக் கட்டி எஃப்.ஜி.எஃப்.-23 என்ற ஹார்மோனைச் சுரந்து பாஸ்பரஸைச் சிறுநீரில் தள்ளிக்கொண்டிருக்கும். இங்கே முதல் துப்பு ரத்தம்தான், அதற்குப் பிறகுதான் ஸ்கேனில் கட்டியைத் தேடுவார்கள். முழுதாக அகற்றிய சில நாட்களில் பாஸ்பரஸ் மேலே வரும். வழக்கமான ரத்தப் பேக்கேஜ்கள் பலவற்றில் இந்தப் பரிசோதனை இருப்பதில்லை, தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாத எலும்பு வலியோ வீக்கமோ இருந்தால் 48 மணி நேரத்துக்குள் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு வழிகாட்டுகிறது. ரத்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. அடிபட்ட வலி நாளுக்கு நாள் குறையும். கூடிக்கொண்டே போகிற வலி, ராத்திரி எழுப்புகிற வலி, கையில் தட்டுப்படும் வீக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இடத்தை உருவக் கூடாது, கட்டக் கூடாது, படம் எடுக்க வேண்டும். எக்ஸ்ரே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எடுக்கலாம். சந்தேகம் என்று வந்தால் அடுத்தது எம்.ஆர்.ஐ., அப்புறம் பயாப்சி. அந்தப் பயாப்சியை நாளை ஆபரேஷன் செய்யப்போகிற எலும்புப் புற்று மருத்துவரே திட்டமிட வேண்டும். ஊசி போன பாதையையும் பின்னால் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். தப்பான இடத்தில் போட்ட ஒரு கீறல் காப்பாற்றக்கூடிய காலை இழக்க வைக்கும்.

ஆஸ்டியோசார்கோமாவுக்குக் காலை எடுப்பது ஒன்றே வைத்தியமாக இருந்த காலத்தில் ஐந்து ஆண்டு கடந்தவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. கீமோ வந்தபிறகு, நோய் பரவாத நிலையில் வருகிறவர்களில் பத்துக்கு ஆறு ஏழு பேர் தேறுகிறார்கள், பலருக்குக் காலும் மிஞ்சுகிறது. அந்தக் கீமோ முழுக்க ரத்தப் பரிசோதனையின் தோளில்தான் நடக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்தை அதிக அளவில் ஏற்றினால் ரத்தத்தில் அதன் அளவையும் கிரியாட்டினினையும் நாள்தோறும் பார்த்து அதன் வீரியத்தை முறிக்கும் மருந்து கொடுப்பார்கள். சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு மருந்துக்குச் சிறுநீரகமும் மக்னீசியமும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் வெள்ளையணுவும் தட்டணுவும். போதிய அளவு ஏறாவிட்டால் அந்தச் சுற்று தள்ளிப்போகும். நோய் திரும்பினால் பெரும்பாலும் நுரையீரலில் தலைகாட்டும் என்பதால், சிகிச்சை முடிந்தபிறகு கண்காணிப்பதற்கு மார்பு எக்ஸ்ரேயும் சி.டி.யும்தான் முக்கியம், அங்கேயும் ரத்தம் துணைதான்.

குடியாத்தம் பையனுக்கு ஆறு சுற்றுக்கும் நான்தான் ரத்தம் எடுத்தேன். மூன்றாவது சுற்றிலேயே இடது கை நரம்புகள் ஒளிந்துகொண்டன. மொட்டைத் தலையோடு உட்கார்ந்து, வலது கையை அவனே நீட்டி, "கவுன்ட் 1000 தாண்டிச்சா சார்?" என்று கேட்பான். ஐந்தாவது சுற்றுக்கு முன் 640தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த வாரம் முடிந்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம், முட்டியில் உலோகம் வைத்த காலை நீட்டியபடி லேப் வாசல் படியில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா. மஞ்சப்பையிலிருந்து இந்த முறை முதலில் வெளியே வந்தது எக்ஸ்ரே கவர்.